மனநோயுற்ற கைதிகளும் கூட்டுப் பணியும்

குற்றம் புரிந்தவரைச் சிறைக்கும் நோயுற்றவரை மருத்துவமனைக்கும் அனுப்புவது யாவரும் அறிந்த முறை. குற்றம் சாட்டப்பட்டவரே மனநோயாளராகவும் இருந்தால் என் செய்வது? காவல்துறை, நீதிமன்றம், சிறை, மருத்துவமனை ஆகிய நான்கும் அவருக்குப் பொறுப்பாகின்றன. அந்நான்கும் இணைந்து செயற்படாவிட்டால் நேரும் அவலத்தை ஒரு மனிதரின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

ஐம்பத்து நான்கு ஆண்டுகள்

அசாம் மாநிலத்துச் சில்சாங் கிராமத்தைச் சேர்ந்தவர் மாச்சல் லாலுங். 1951ஆம் ஆண்டு, தம் 23ஆம் வயதில், ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தார் என்னும் குற்றச்சாட்டில் கைதானார். விசாரணை நடைபெறவில்லை. தேஜ்பூர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1967இல் அவர் நலமடைந்துவிட்டதாக மருத்துவமனை தெரிவித்தது. ஆயினும் அவர் வீடு திரும்பவில்லை. குவாஹாட்டிச் சிறைக்கு மாற்றப்பட்டார். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பின்னரே, 2005 ஜூலையில், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் விடுதலையானார். அப்போது அவருக்கு வயது 77. மருத்துவமனையில் 16, சிறையில் 38, ஆக 54 ஆண்டுகள்! 2007இல் அவர் காலமானார்.

இதில் கொடியவர் என ஒருவரைச் சுட்டிக்காட்ட இயலாது. மருத்துவமனை சிகிச்சை அளித்தது; சிறை காவல் காத்தது. வழக்கு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

சட்டத்தின் இரு கேள்விகள்

இத்தகைய வழக்குகளில் சட்டம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது.

முதலாவது, செயலைப் புரிந்த வேளையில் அவர் மனநிலை எவ்வாறு இருந்தது என்பது. தம் செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறிய இயலாத அளவு மனம் பாதிக்கப்பட்டிருந்தால் அது குற்றமாகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இதைக் கூறியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு இதைக் கூறுகிறது.

இரண்டாவது, விசாரணை நடக்கும்போது தமக்காக எதிர்வாதம் செய்ய அவரால் இயலுமா என்பது. இயலாதெனில் விசாரணை ஒத்திவைக்கப்படும், நலமடைந்ததும் தொடரும். இங்கேதான் இடர் தொடங்குகிறது. நலமடைந்ததை அறிபவர் மருத்துவர். விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் உடையவர் நீதிபதி. இருவருக்கும் இடையே தாள் நகராவிட்டால் மனிதரும் நகர முடியாது.

செய்யப்பட்டவையும் செய்ய வேண்டியவையும்

இத்தகைய விசாரணைக் கைதிகளின் நிலை குறித்து மனநல மருத்துவர் மாதந்தோறும் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2007இல் பணித்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைய வேண்டும் என்கிறது. சிறை மருத்துவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை தரவும் அது வகைசெய்கிறது. காவலில் உள்ளோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது.

இவற்றுடன் குடும்பத்தையும் ஐந்தாவது உறுப்பாகச் சேர்க்க வேண்டும் என்பேன். அரசாங்கக் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆள் தேடும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்தவன் நான். அத்தகைய வீட்டுக்கு ஓர் அறிவிப்பை அஞ்சலில் அனுப்பிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. அவர்கள் மொழியில் நேரில் சொல்லி, நோயாளி எங்கிருக்கிறார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பவற்றை விளக்கும் ஒருவர் வேண்டும். நலமடைந்தவர் திரும்பிச் செல்ல வீடும், தொடர்ந்து மருந்து பெற அருகில் ஒரு மருத்துவமனையும் இருந்தால்தான் விடுதலை முழுமை பெறும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். நம்முள் பலர் நாளை எழுத்தராகவும் செவிலியராகவும் காவலராகவும் பணியேற்போம். அன்று நம் மேசைக்கு வரும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்பதை மறவாதிருப்போமாக!