காரா, ஜீப்பா? உள்ளே உட்கார்ந்து பார்த்து வாங்குவோம்

எமது வியாபாரிகள் இருவர் சந்தித்தால் இப்போது தவறாமல் எழும் கேள்வி, “அடுத்தது கார் எடுப்பதா, ஜீப் எடுப்பதா?” என்பதுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் ஆரம்பமானது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓடியவர்கள் இன்று மாற்ற நினைக்கிறார்கள். ஆனால் விலை முன்னைய விலையல்ல. கடைக்குச் சரக்குப் போட வேண்டிய முதல், வாகனத்துக்குள் முடங்கிவிடும் அபாயம் இருக்கிறது. எனவே கொடுக்கும் பணத்துக்கு உள்ளே எவ்வளவு இடமும் சுகமும் கிடைக்கின்றன என்று கணக்குப் பார்ப்பது அவசியம்.

முதலில் ஒரு விளக்கம். உயரமான வண்டிகள் எல்லாவற்றையும் நாம் ஜீப் என்றே சொல்கிறோம். ஆனால் ஹொண்டா வெஸல், டொயோட்டா சீ.எச்.ஆர். போன்றவை காரின் அடித்தளத்தில் உயர்த்திக் கட்டப்பட்டவை. பிராடோ போன்றவை லொறியைப்போல் தனிச் சட்டகத்தின் மேல் உடல் பொருத்தப்பட்டவை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

வெளியே பெரிது, உள்ளே?

சில அளவுகளைப் பாருங்கள். 2012இல் வந்த அக்ஸியோ காரின் நீளம் 4,360 மில்லிமீற்றர், அகலம் 1,695. 2013 இறுதியில் வந்த முதலாவது வெஸலின் நீளம் 4,295, அகலம் 1,770. பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் வெஸல் உண்மையில் அக்ஸியோவை விட நீளம் குறைந்தது. அகலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் அதிகம். பின்னால் மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு ஓர் அங்குலம். அதிலும் ஒரு பகுதியைக் கதவின் தடிப்பு எடுத்துக்கொள்ளும். உயரத்தில் சுமார் ஆறு அங்குலம் கூடுதல் என்றாலும், அதில் ஒரு பங்கு தரைக்கும் வண்டிக்கும் இடையிலேயே போய்விடுகிறது.

கால் நீட்டும் இடத்துக்குக் கவனிக்க வேண்டியது வண்டியின் மொத்த நீளத்தையல்ல, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான நீளத்தையே. ‘வீல்பேஸ்’ எனப்படும் இந்த அளவு அக்ஸியோவில் 2,600, வெஸலில் 2,610, பிரிமியோவில் 2,700. பிரிமியோவில் கிடைக்கும் அந்த நான்கு அங்குலத்தின் பயனைப் பின் ஆசனத்தில் இருப்பவரின் முழங்கால் உணரும். ஆனால் பிரிமியோவின் அகலமும் அக்ஸியோவைப் போலவே 1,695தான். ஜப்பானில் சிறிய ரகக் கார்களுக்கு 1.7 மீற்றர் அகல எல்லை உண்டு. அதற்குள் அடங்குமாறு இரண்டையும் செய்திருக்கிறார்கள். ஆகவே பின்னால் மூன்று பெரியவர்கள் நெருக்கமின்றி இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அக்ஸியோவை விட்டுப் பிரிமியோவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயனில்லை. 2021இல் பிரிமியோ உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டதால், இனிக் கிடைப்பது பாவித்த வண்டிதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி பிராடோ. 2009இல் வந்த வகையின் வீல்பேஸ் 2,790. பிரிமியோவைவிட மூன்றரை அங்குலமே அதிகம். ஆனால் அதில் மூன்று வரிசை ஆசனம் வைக்கிறார்கள். மூன்றாவது வரிசை பின் சில்லுகளுக்கு மேலேயே வருவதால் குழிகளில் அதிர்ச்சி அங்கேதான் அதிகம். தரைத்தட்டு உயர்ந்திருப்பதால் முழங்கால் நெஞ்சுப் பக்கம் ஏறிவிடும். பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்களுக்குத் தூரப் பயணத்தில் சரிவராது. மூன்றாவது வரிசையை விரித்தால் பொதி வைக்கும் இடமும் சுருங்கிவிடும்.

ஏறுவதும் இறங்குவதும்

உயரமான வண்டிக்கு ஓர் உண்மையான சிறப்பு உண்டு. அதில் நாற்காலியில் இருப்பதுபோல் நிமிர்ந்து, முழங்காலை மடக்கி உட்காரலாம். அவ்வாறு இருப்பவருக்குக் குறைந்த நீளமே போதும். காரில் ஆசனம் தாழ்வானது. கால்கள் முன்னே நீளும், எனவே நீளம் வேண்டும். வெஸலும் அக்ஸியோவும் ஏறத்தாழ ஒரே வீல்பேஸ் கொண்டிருந்தும் வெஸல் விசாலமாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

எமது வீடுகளில் முழங்கால் வலியுள்ள வாப்பாவோ உம்மாவோ இருப்பார்கள். வீட்டு நாற்காலியின் உயரம் சுமார் 17, 18 அங்குலம். காரின் ஆசனம் தாழ்வாக இருந்தால், குனிந்து உள்ளே இறங்கி, பிறகு கையூன்றி எழும்ப வேண்டும். பிராடோ போன்றவற்றில் படியில் கால் வைத்து ஏற வேண்டும். அபாயாவோ சாரியோ உடுத்த வயதான பெண்களுக்கு இது பெரும் சிரமம். இடுப்பு மட்டத்துக்கு ஆசனம் வரும் நடுத்தர உயர வண்டியில் பக்கவாட்டில் அமர்ந்து காலை உள்ளே எடுத்தால் போதும். தில்லையடியிலிருந்து சிலாபம், நீர்கொழும்பு ஊடாகக் கொழும்புக்குச் சுமார் 130 கிலோமீற்றர். கிளினிக்குக்காக மாதம் ஒருமுறை இந்தத் தூரம் போய்வரும் நோயாளிக்கு, ஏறி இறங்கும் சுகம் வண்டியின் தோற்றத்தைவிடப் பெரிது.

அதேவேளை உயரமான வண்டி வளைவுகளில் கூடுதலாகச் சாயும். தாழ்ந்த கார் வீதியோடு ஒட்டி ஓடும். பயணத்தில் தலைசுற்றும், வாந்தி எடுக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும்.

சரக்கு ஏற்றுபவர்கள் கவனத்துக்கு

கற்பிட்டியிலிருந்து கருவாடும் வெங்காயமும் எடுப்பவர், புறக்கோட்டையிலிருந்து துணிப்பொதி கொண்டுவருபவர் எம்மில் பலர். காரின் டிக்கி தனியறை. கருவாட்டு வாடை உள்ளே அவ்வளவாக வராது. திடீரென பிரேக் பிடித்தாலும் பொதி தலையில் வந்து விழாது. ஜீப்பின் பொதிப் பகுதி ஆசனங்களோடு திறந்தே இருக்கிறது. கட்டி வைக்காவிட்டால் ஆபத்து. ஆனால் உயரமான பெட்டிகளைக் காரின் டிக்கிக்குள் நுழைக்க முடியாது. முதலாவது வெஸலில் எரிபொருள் தாங்கி முன் ஆசனங்களுக்குக் கீழே இருப்பதால், பின் ஆசனத்தின் மெத்தையை மேலே மடித்து உயரமான பொருளை நிமிர்த்தி வைக்கலாம். இத்தகைய வசதிகளை விற்பனையாளரிடம் கேட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் ஏழெட்டுப் பேர் என்றால் காரும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம், வேனே பொருத்தம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எப்படிப் பார்ப்பது?

1. தனியாகப் போகாதீர்கள். அந்த வண்டியில் அதிகம் செல்லப்போகும் வயதானவரைக் கூட்டிச் சென்று, மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

2. சாரதி ஆசனத்தை நீங்கள் ஓட்டும் அளவுக்குச் சரிசெய்துவிட்டு, அதற்குப் பின்னால் போய் அமருங்கள். முழங்காலுக்கும் முன் ஆசனத்துக்கும் இடையில் கைமுட்டி புக வேண்டும். தலைக்கும் கூரைக்கும் இடையில் நான்கு விரல் இருக்க வேண்டும்.

3. தொடை மெத்தையில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தொடைக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் இடுப்பு வலிக்கும். மெத்தையின் விளிம்பு முழங்கால் மடிப்பை அழுத்தவும் கூடாது. இரண்டு மூன்று விரல் இடைவெளி நல்லது.

4. பின் ஆசனத்தின் நடுவில் ஒரு பெரியவரை இருத்திப் பாருங்கள். அங்கே தரை மேடாக இருந்தால் கால் வைக்க இடமிருக்காது.

5. பகல் வெயிலில் ஓட்டிப் பாருங்கள். எங்கள் புத்தளத்து வெயிலில் பின் ஆசனம் வரை குளிர் வருகிறதா, தோல் உறை சுடுகிறதா என்பது காலையில் தெரியாது.

6. பாவித்த வண்டியாயின் சாரதி ஆசனத்தின் வெளிப்பக்க ஓரம் அமிழ்ந்திருக்கிறதா எனத் தடவிப் பாருங்கள். மீற்றர் குறைவாகக் காட்டியும் ஆசனம் அமிழ்ந்திருந்தால் சந்தேகிக்க வேண்டும்.

7. ஓர் அளவு நாடாவைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். வழமையாக ஏற்றும் பெட்டியின் அளவை முன்கூட்டியே எழுதிவைத்து, டிக்கியின் ஆழத்தை மட்டுமன்றி அதன் வாயையும் அளந்து பாருங்கள்.

லீசிங் ஆயினும் இஜாரா ஆயினும் மாதத் தவணை கடை வருமானத்திலிருந்தே போகிறது. வாரத்தில் ஆறு நாள் ஒருவரே ஓட்டிச் செல்லும் வண்டிக்கு ஏழு ஆசனத்தின் விலை கொடுப்பது, விற்காத சரக்கைக் களஞ்சியத்தில் அடுக்கி வைப்பதற்கு ஒப்பானது. கடந்த மூன்று மாதங்களில் உங்கள் வண்டியில் யார் யார், எத்தனை பேர், எங்கே சென்றார்கள், என்ன பொருள் ஏற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த வண்டி தேவை என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும். அதன் பின்னர் விற்பனை நிலையத்துக்குப் போனால் போதுமானது.