வியட்நாமுக்கு முன்பே மலாயா

"ஏஜென்ட் ஆரஞ்சா? அது வியட்நாம் கதை."

கதை தொடங்கியது இங்கே மலாயாவில்தான். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து தாக்காதபடி சாலையோரக் காட்டைக் கருக்கவும், அவர்கள் உள்ளே போட்டிருந்த பயிரை அழிக்கவும் பிரிட்டிஷ் ராணுவம், பின்னர் ஏஜென்ட் ஆரஞ்சிலும் கலந்த 2,4,5-டி களைக்கொல்லியைத் தெளித்தது. 1961இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் இதையே முன்னுதாரணமாக அதிபர் கென்னடியிடம் எடுத்துச் சொன்னார். மறு ஆண்டே வியட்நாம் காடுகள் கருகத் தொடங்கின. அந்த மருந்தில் கலந்திருந்த டையாக்சினை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் உறுதியான புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது.

"தோட்டத்தில் அடித்த மருந்து எல்லாமே கேன்சர்தான்."

இதுவும் சரியில்லை. பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத் தோட்டங்களில் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். அவர்களுக்கு நன்கு பழக்கமான கிரமாக்சோன், அதாவது பாராகுவாட், நுரையீரலை இறுக வைத்துக் கொல்லும் விஷம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பார்கின்சன் நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மேற்சொன்ன முகமை அதைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்க்கவில்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத்தான் 2015இல் "புற்றுநோய் தர வாய்ப்புள்ளது" என்ற பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. எந்த மருந்து என்று தெரியாமல் பொதுவாகப் பேசினால் வழக்கு நிற்காது.

தெனாகானித்தா போன்ற அமைப்புகள் பெண் தொழிலாளர்களின் பாதிப்பை எடுத்துச் சொல்ல, 2002இல் பாராகுவாட்டுக்குத் தடை வந்தது. 2006இல் தளர்ந்தது. முழுத் தடைக்கு 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் மருந்தடித்தவர்களின் கணக்கை யார் எழுதினார்கள்?

"பால் குடித்தால் விஷம் முறிந்துவிடும்."

முறியாது. தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மருந்தடித்த உடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

"நோய் வேலையால்தான் வந்தது என்று நோயாளிதான் நிரூபிக்க வேண்டும்."

எப்போதும் அப்படியில்லை. அமெரிக்காவில் 1991 சட்டப்படி, வியட்நாமில் பணியாற்றிய ராணுவத்தினருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால் அது அங்கே வந்ததாகவே அரசு எடுத்துக்கொள்கிறது. அந்த நோயால் அவர் இறந்தால் மனைவிக்கும் உதவித்தொகை உண்டு. ராணுவ முகாம்களில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கும் 2022இல் இதே வழி திறந்தது.

நம் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் 1969 சட்டத்திலும் இதன் சாயல் இருக்கிறது. அதன் அட்டவணையிலுள்ள நோய், அதற்குரிய வேலையைச் செய்தவருக்கு வந்தால், வேலையை விட்டு 60 மாதம்வரை அதைத் தொழில்நோயாகவே கருதும். வேலையை விட்டதும் உரிமை போய்விட்டது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆனால் பல புற்றுநோய்கள் தலைகாட்டவே பத்து, இருபது ஆண்டு ஆகும். அந்தக் கணக்கில் ஐந்தாண்டு போதாது. சட்டம் மாற வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். மருத்துவரிடம் வலியை மட்டும் சொல்லாமல், எந்தத் தோட்டத்தில், எத்தனை ஆண்டு, எந்த மருந்து அடித்தீர்கள் என்றும் சொல்லி, அதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். தொழில்நோய் என்று கருதினால் தொழில் பாதுகாப்புத் துறைக்கு அறிவிப்பது அவர் கடமை. பழைய சம்பளச் சீட்டு, சொக்சோ எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ உள்ள சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள்.