ஸ்டாண்ட்பை மோடமை எப்போது நம்பலாம்?

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி ஃபைபர் பயன்பாட்டுக்கு வந்தது 2020 ஆகஸ்டில்தான். அதுவரை அந்தத் தீவுகளின் வெளித்தொடர்பு முழுக்க சாட்டிலைட்டை நம்பியே இருந்தது. ஃபைபர் எட்டாத ஊர்களில் இன்றும் ஒரு மோடம் படுத்தால் ஏடிஎம் முதல் ஆஸ்பத்திரி வரை எல்லாம் படுத்துவிடும். அதற்காகத்தான் ஒன்று ஆன்லைனிலும் மற்றது ஸ்டாண்ட்பையிலும் இருக்க இரண்டு மோடம் வைத்து, நடுவில் ஒரு ரிடண்டன்சி ஸ்விட்ச் போடுகிறோம். எர்த் ஸ்டேஷன் வேலையில் இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

எதைப் பழுது என்று ஸ்விட்சுக்குச் சொல்வது? முதலில் இதை முடிவு செய்யுங்கள். எந்த அலாரம் வந்தாலும் மாறட்டும் என்று வைக்கத்தான் கை போகும். கேயு பேண்டில் கனமழை பெய்தால் சிக்னல் விழுந்து ரிசீவ் லாக் போய்விடும். டிஷ் ஒன்றுதான். வரும் சிக்னலை ஸ்பிளிட்டர் இரண்டு மோடத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஸ்டாண்ட்பைக்கும் அதே கதிதான் என்றால் மாற்றி என்ன பயன்? ஸ்விட்ச் இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும் சில நிமிடங்களில் இதே கூத்து நடக்கும். மோடமின் சொந்தக் கோளாறுக்கும் டிரான்ஸ்மிட் கோளாறுக்கும் மட்டும் மாறட்டும். ஆன்லைன் மோடத்தில் லாக் போய் ஸ்டாண்ட்பையில் லாக் இருந்தால் மட்டும் மாறும் வசதி உங்கள் ஸ்விட்சில் இருந்தால் ரிசீவ் அலாரத்தையும் சேர்க்கலாம். இல்லையென்றால் அதை மாஸ்க் பண்ணிவிடுவதே நல்லது.

மோடமின் அலாரம் ரிலேயில் காமன், என்ஓ, என்சி என்று மூன்று முனைகள் இருக்கும். எல்லாம் நலமாக இருக்கும்போது ரிலே இழுத்துப் பிடித்திருக்கும், கரண்ட் போனால் விட்டுவிடும். மோடமை அணைத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், காமனுக்கும் என்சிக்கும் நடுவே பீப் கேட்க வேண்டும். மோடம் செத்தாலும் சரி, ஒயர் அறுந்தாலும் சரி, ஸ்விட்ச் அதைப் பழுதாகவே எடுத்துக்கொள்ளும்படி இணைப்பு இருக்க வேண்டும்.

அடுத்தது பவர். இரண்டு மோடத்திலும் ஒரே எண்ணை அடித்தால் மட்டும் போதாது. கேபிளுக்குக் கேபிள் இழப்பு வேறுபடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆன்லைனுக்குக் கொண்டுவந்து, ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கேரியர் உயரத்தைப் பார்த்து அரை டிபிக்குள் சமன் செய்யுங்கள். ஸ்டாண்ட்பை 2 டிபி கூடுதலாகப் போனால் கிட்டத்தட்ட 1.6 மடங்கு பவர். சாட்டிலைட் நிறுவனத்தின் கண்காணிப்பு அறையிலிருந்து போன் வரும், நடுராத்திரியாக இருந்தாலும் வரும்.

ஃபர்ம்வேர் பதிப்பும் லைசென்ஸ் கீயும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். வேகத்தைக் கூட்டும் கீயை ஆன்லைன் மோடத்துக்கு மட்டும் வாங்கும் சிக்கனத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்டாண்ட்பை ரேக்குக்கு வெறும் அலங்காரம்.

மோடமே ரவுட்டராகவும் வேலை செய்தால் இன்னொரு தொல்லை உண்டு. ஸ்டாண்ட்பைக்கு மாறியதும் லிங்க் சில நொடிகளில் வந்துவிடும், பிங் மட்டும் போகாது. பக்கத்து ரவுட்டர் பழைய மோடமின் மேக் முகவரியையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். சிஸ்கோ ரவுட்டர்களில் ஏஆர்பி பதிவின் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். அந்த நேரத்தைக் குறைத்து வையுங்கள். மாறியதும் தன் முகவரியைத் தானாக அறிவிக்கும் வசதி மோடத்தில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

சோதனை என்றால் திரையில் பட்டனைத் தட்டிப் பார்ப்பது அல்ல. முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆன்லைன் மோடமின் பவர் கார்டைப் பிடுங்குங்கள். மாறியதும் உடனே பழையபடி திருப்பவும் வேண்டாம். ஒரு வாரம் அதிலேயே டிராஃபிக் ஓடட்டும். தானாகப் பழைய மோடத்துக்குத் திரும்பும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். அரைகுறையாகப் பழுதான மோடம் என்றால் லிங்க் இரண்டாம் முறையும் விழும்.

பழுதான மோடமைக் கழற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சிக்னலை மேலே அனுப்பும், மாடியிலுள்ள பக் (BUC) கருவிக்கு 24 அல்லது 48 வோல்ட் டிசியும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸும் பல அமைப்புகளில் அதே டிரான்ஸ்மிட் கேபிள் வழியாகத்தான் போகின்றன. அந்த மோடமின் டிசியை அணைத்து, கனெக்டரில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.