ஓடைக்கு மண் போகாமல் காப்பது எப்படி?

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் கணக்கைப் பார்த்தவன் நான். கொல்லிமலையில் விவசாயம் ஆரம்பித்த பிறகு என் கணக்கை இன்னொருவர் பார்த்துச் சொன்னார்.

முதல் வருஷம் சரிவில் மரவள்ளி போட்டேன். மேலிருந்து கீழாகப் பார் பிடித்தது என் தப்பு. கிழங்கு பிடுங்கிய மறுவாரமே கோடைமழை கொட்டித் தீர்த்தது. கீழ்க்காட்டு அம்மா வந்து, "சார், உங்க காட்டு மண்ணு எங்க ஊத்துல வந்து கிடக்குதுங்க. குடிக்கத் தண்ணி மொள்ள முடியல" என்றார். போய்ப் பார்த்தால் ஊற்றுக்குழி முழுக்க என் செம்மண். மூன்று நாள் கூடவே நின்று தூர் வாரினேன்.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது நான்கு கன மீட்டர். எடையில் ஐந்து டன்!

காட்டுக்கே இந்தக் கணக்கு என்றால் சுரங்கத்துக்கு? கொல்லிமலை உச்சியில் மால்கோ நிறுவனம் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டியது. 2008-இல் அது நின்றது. பாக்சைட் மலையுச்சியில் தொப்பி மாதிரி படிந்திருக்கும். அதை எடுக்க முதலில் மரத்தையும் மேல்மண்ணையும் அகற்ற வேண்டும். ஓடைகள் பிறப்பதும் அந்த உச்சியில்தான். ஆகாய கங்கையாக விழும் ஐயாற்றுக்கும் இந்த மலைதான் தலைமடை.

கர்நாடகத்தில் குதிரேமுக் இரும்புச் சுரங்கத்தின் வண்டல் பத்ரா ஆற்றில் சேர்வது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002 தீர்ப்பின்படி 2005 கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபானில் நிலக்கரிக் கழிவை மலைச்சரிவில் ஊற்றுக்கு மேலேயே குவித்திருந்தார்கள். 1966 அக்டோபர் 21 அன்று அது சேறாகி இறங்கியதில் 144 பேர் மாண்டார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். ஊற்றுக்கண் மேல் எதையும் கொட்டாதே என்பதுதான் இதில் பாடம். நம் தோட்டத்துக்கும் அதே பாடம்தான்.

இனி செய்முறைக்கு வருவோம்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் கலங்கல் தண்ணீர் பிடித்து அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் படியும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களி மறுநாளும் மிதக்கும். அதனால் ஓடையோரம் குழி வெட்டினால் மட்டும் போதாது; மண் கிளம்பும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். வேலையை மேலிருந்து தொடங்குங்கள்.

1. சமமட்டம்: இரண்டு கம்பை 'ஏ' எழுத்துப் போலக் கட்டி, குறுக்கே ஒரு கம்பு வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல் தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் சட்டம் தயார். அது காட்டும் கோட்டில்தான் உழவும் பாரும்.

2. வெட்டிவேர்: அதே கோட்டில் ஆடி மழையில் நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் நடுங்கள். இடையில் போக்கு விழுந்தால் தண்ணீர் அந்த வழியாகவே அறுக்கும்.

3. கல்தடுப்பு: ஓடிய வாய்க்கால்களில் குறுக்கே கல் அடுக்குங்கள். நடுப்பகுதி தாழ்வாகவும் இரு ஓரமும் உயர்ந்து கரைக்குள் புதைந்தும் இருக்கட்டும். மேல்தடுப்பின் அடியும் கீழ்த்தடுப்பின் தலையும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். தண்ணீரின் வேகம் பாதியானாலே கல்லையும் மணலையும் கீழே போட்டுவிடும்.

4. வண்டல் குழி: வாய்க்கால் ஓடையில் சேரும் முன் ஒரு குழி. பாதி நிரம்பியதும் அள்ளி, மேலே காட்டிலேயே திரும்பப் போடுங்கள். அது உங்கள் முதல்.

5. ஓடைக்கரை: கரையை ஒட்டி உழ வேண்டாம், மரவள்ளி வேண்டாம். புல்லும் நொச்சியும் தாழையும் அங்கே இருக்கட்டும்.

6. கழிவு: கவாத்து செய்த மிளகுக்கொடி, சவுக்குக் கிளை, மரவள்ளிக் குச்சி எதையும் ஓடையில் தள்ளாதீர்கள். பாலத்துக் குழாயில் அடைத்து, தேங்கிய தண்ணீர் ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு கரையோடு போகும்.

நானும் மரவள்ளியைச் சமமான இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். சரிவில் இப்போது காபியும் மிளகும், நடுவே வெட்டிவேர் வரிசையும். போன மழையில் அந்த அம்மாவின் ஊற்றில் கலங்கல் வந்தது, மறுநாளே தெளிந்தது. முழுசாக நிற்கவில்லை. இன்னும் இரண்டு கல்தடுப்பு பாக்கி இருக்கிறது.

அடுத்த மழைக்கு ஒரு குடையும் இரண்டு பாட்டிலும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் வரும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று பிடியுங்கள். ஒரு நாள் வைத்து அடியில் படிந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் நிலத்தின் வரவு செலவு அதில் தெரிந்துவிடும்.