காவல் நாயின் நிறமும் வேலைத்திறனும்

வயலில் நெற்கதிர் முற்றும் காலத்திலும், தோட்டத்தில் மரவள்ளியும் வற்றாளையும் கிழங்கு வைக்கும் காலத்திலும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் பெரும்பாலும் இரவிலேயே வந்து அழிவு செய்கின்றன. காவற் கொட்டிலிற் கண்ணயர்ந்திருக்கும் கமக்காரருக்கு முதலில் எச்சரிக்கை தருவது நாயின் குரைப்பே. ஆயினும், "கறுப்பு நாய் மூர்க்கமானது, வெள்ளை நாய் சாதுவானது" என நிறத்தை மட்டும் பார்த்துக் குட்டியை எடுப்போர் உளர். இது சரியான முறையன்று.

பழைய எண்ணம்

நிறம் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கமத்தொழில் பற்றி நூல் எழுதிய உரோமரான கொலுமெல்லா, பண்ணை வீட்டைக் காக்கும் நாய் கறுப்பாயும் மந்தையைக் காக்கும் நாய் வெள்ளையாயும் இருத்தல் நன்று என்றார். கறுப்பு நாய் பகலிற் கள்வனுக்கு அச்சம் தரும். இரவில் அவன் கண்ணுக்குப் புலப்படாது. வெள்ளை நாயை மேய்ப்பன் ஓநாயினின்றும் எளிதிற் பிரித்தறிவான். இக்காரணங்கள் நாயின் தோற்றத்தைப் பற்றியனவேயன்றி அதன் திறமையைப் பற்றியன அல்ல. இத்தாலியின் மரேம்மா நாய் வெள்ளை நிறமானது. துருக்கியின் கங்கால் நாய் மங்கிய மஞ்சள் உடலும் கரிய முகமும் உடையது. இரண்டும் மந்தை காப்பதிற் பெயர் பெற்றவை.

நிறத்தைக் கவனிக்கவேண்டிய இடம்

உட்செவி நன்கு தொழிற்படுவதற்கு அங்கே நிறமிக் கலங்கள் இருத்தல் அவசியம். உடலில் வெண்மை மிகுந்த சில நாய்களில் இக்கலங்கள் தோலில் இல்லாததுபோலவே உட்செவியிலும் இல்லாதுபோகும். அதனால் பிறந்து சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் கலங்கள் அழிந்து, குட்டி செவிடாகும். ஐக்கிய அமெரிக்காவிற் சோதிக்கப்பட்ட டல்மேசியன் நாய்களுள் 100க்கு ஏறக்குறைய 30 நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ கேட்கவில்லை. எல்லா வெள்ளை நாய்களும் செவிடல்ல. எனினும், வெண்மை மிகுந்த குட்டியைச் சோதியாது எடுத்தலாகாது. பன்றி வேலியைப் பிரிக்கும் ஓசை கேளாத நாய்க்குச் சோறிட்டு வளர்த்தும் காவலுக்குப் பயனில்லை.

செவியைச் சோதிக்கும் முறை

1. குட்டிக்கு ஐந்து அல்லது ஆறு வாரமானபின் சோதிக்க வேண்டும்.

2. மற்றக் குட்டிகளிடமிருந்து அதனைப் பிரித்து, அது உறங்கும்போது அல்லது வேறு திசையை நோக்கியிருக்கும்போது, காணாத இடத்தில் நின்று தகரத்தைத் தட்ட வேண்டும். நிலம் அதிரவோ காற்றுப் படவோ கூடாது.

3. வெவ்வேறு திசைகளிலிருந்து பலமுறை தட்டிப் பார்க்க வேண்டும். ஒருபோதும் அசையாத குட்டிக்கு இரு காதும் கேளாதிருக்கலாம். ஓசையைக் கேட்டும் திசை தெரியாது தடுமாறுவது ஒரு காது கேளாமையின் அறிகுறியாகலாம்.

தெரிந்தெடுத்தலும் வளர்ப்பும்

தாய் தந்தை நாய்கள் காவலில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை நேரிற் பார்த்தல் நிறத்தைப் பார்ப்பதிலும் மேலானது. புதியவரைக் கண்டு குரைத்து, வீட்டார் சொல்லுக்கு அடங்கும் நாயின் குட்டியை விரும்பி எடுக்கலாம். அஞ்சி ஒளியும் குட்டியையும் காரணமின்றிக் கடிக்கும் நாயின் குட்டியையும் விலக்க வேண்டும். குட்டிக்கு எட்டு வாரமாகுமுன் தாயிடமிருந்து பிரித்தல் நன்றன்று. சிறுவயதிலேயே வீட்டார், மாடு, ஆடு, கோழி ஆகியவற்றுடன் பழக்க வேண்டும்.

கறுப்பு நாய் வெயிலில் விரைவிற் சூடேறும். ஆகவே நிழலும் நீரும் குறைவின்றி அளித்தல் வேண்டும். எந்நிற நாயாயினும் விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுவித்தல் கமக்காரரின் கடமையாகும்.