கனவில் நிலைத்தல்

பொன்முடி செல்லும் சாலையில் உள்ளது கல்லாறு. அவ்வூர் ஆற்றில், உருண்டைக் கற்களிடையே நிற்பதாகக் கனவு காண்கிறீர்கள். ‘இது கனவு’ என்றும் அறிகிறீர்கள். இவ்வாறு அறிந்தே கனவு காண இயலும் என்பதை 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஆய்ந்து காட்டினார். உறங்கிய ஆலன் வோர்ஸ்லி, முன்பே பேசிவைத்தபடி விழிகளை இடமும் வலமும் அசைத்துக் கனவினுள்ளிருந்தே குறிப்புணர்த்தினார்.

மகிழ்ச்சியில் துள்ளினால் பெரும்பாலும் விழிப்பு வந்துவிடும். எனவே அமைதியாக இருங்கள். கனவிலேயே கைகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கல்லைத் தொட்டு அதன் குளிர்ச்சியை உணருங்கள். கவனம் கனவில் ஊன்றினால் கனவு நீடிக்கக்கூடும். இவ்வாறு நிலைத்து நிற்பவர் அச்சந்தரும் கனவின் போக்கையும் மாற்ற முயலலாம்.

பயிற்சி
1. சேர்த்து எழுதுக: கல் + ஆறு
2. உறங்கியவர் எவ்வாறு குறிப்புணர்த்தினார்?
3. கனவு கலையாதிருக்கச் செய்ய வேண்டுவன யாவை?