எறும்பு ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள்

கொய்யாச் செடியின் தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கினால், இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரத்தில் பஞ்சுபோல மாவுப்பூச்சி அப்பியிருக்கும். எலுமிச்சையானால் கொழுந்தில் அசுவினி மொய்த்திருக்கும். இவை சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். எறும்பு வருவது அதற்காகத்தான். வந்த எறும்பு சும்மா இருப்பதில்லை. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டிக் காவலும் காக்கிறது. இலைமேல் கரி பூசினாற்போலப் படிவது, அந்தக் கழிவில் வளரும் பூசணம்.

ஆகவே மருந்துக் கடைக்கு ஓடுமுன் எறும்பின் வழியை அடைத்துவிடுங்கள். சுவரைத் தொடும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். அடித்தண்டில் துணிப்பட்டை சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள்; தண்டில் நேராகத் தடவக் கூடாது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொல்வார்கள். எறும்பு நிற்கும், கொசு பெருகும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பூச்சி அப்பிய நுனிகளை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மீதியை இலையின் அடிப்பக்கம் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். முதலில் இரண்டு இலையில் அடித்து, மறுநாள் கருகவில்லை என்றால் மாலை வெயில் தாழ்ந்தபின் முழுச் செடிக்கும் தெளியுங்கள்.

நசுக்கும்முன் ஒரு நிமிடம் நிதானியுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் வெள்ளை இழைகளோடு, கொஞ்சம் பெரிதாய், விறுவிறுவென நகர்வது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த வண்டுக்கு மாவுப்பூச்சிதான் சாப்பாடு. 2008இல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் பூச்சிக்கொல்லி அல்ல. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி. வீரியமான மருந்தை அடித்தால் முதலில் சாவது இவைதான். வீட்டுத் தோட்டத்தில் அதற்கு வேலையே இல்லை என்பேன்.

எலுமிச்சையில் பறவை எச்சம்போல ஒட்டியிருக்கும் புழுவைக் கையால் பொறுக்கினாலே போதும்.

மாதுளைப் புழுவுக்கு இந்த வைத்தியங்கள் எதுவும் எடுபடாது. பட்டாம்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும். முட்டை பொரிந்து வரும் புழு காய்க்குள் போய்விட்டால் வெளியே எதைத் தெளித்தும் பயனில்லை. பிஞ்சு பிடித்ததும் மெல்லிய துணிப்பையால் மூடிக் காம்போடு கட்டிவிடுங்கள். துளை விழுந்த காயைப் பறித்து அழியுங்கள்.

கொய்யாப் பழத்தில் புழு வைப்பது பழ ஈ. விழுந்த பழத்தை அப்படியே உரக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடியும் ஈயாக வரும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் நல்ல வெயிலில் போட்டுவைத்து, பிறகு குழியில் கொட்டலாம்.